தேசாதிபதியைக் கேள்வி கேட்ட சபை: மலையகத் தோட்டங்களும் அதிகாரத்தின் எல்லையும், 1937 - 2018

இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆணைக்குழுக்களின் பெயரைச் சொல்லியே காலத்தைப் பிரிக்கிறார்கள். டொனமூருக்கு முன், டொனமூருக்குப் பின், அப்புறம் சோல்பரி. கொழும்பிலும் லண்டனிலும் எழுதப்பட்ட அறிக்கைகள் அவர்களுக்கு எல்லைக்கற்கள். ஆனால் மக்கள் தெரிவுசெய்த சபை பிரித்தானியத் தேசாதிபதியை நேருக்கு நேர் நின்று எதிர்த்த இரண்டு பெரிய சந்தர்ப்பங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிளம்பியவை. 1937இல் மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தின் சின்னதுரை ஒருவர் அதற்குக் காரணமானார். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுபட்டு இறந்த கோவிந்தன் காரணமானார்.

இந்த இரண்டு சம்பவங்களும் தொழிற்சங்க வரலாற்றில் போதிய அளவு பேசப்பட்டிருக்கின்றன. நிறைவேற்று அதிகாரத்தைச் சட்டமன்றம் கட்டுப்படுத்த முயன்ற வரலாற்றில் அவற்றின் இடம் என்ன என்பதே இக்கட்டுரையின் அக்கறை. சபை அன்று காத்துக்கொண்டது முதலில் தன்னுடைய உரிமையை. தோட்டத் தொழிலாளியின் உரிமை அதன் நிழலில் ஒதுங்கி நின்றது. வாக்குரிமை பறிபோனதும் அந்த நிழலும் இல்லாமற் போயிற்று.

துரையின் ஆட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தோட்டத்தில் அரசாங்கம் என்பது துரைதான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், வேலையை விட்டுப் போவதைக் குற்றவியல் குற்றமாக்கியது. கூலிக்காரன் வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் கையில் துண்டு இருக்க வேண்டும். அந்தச் சீட்டில் குறித்த கடன் தீராமல் விடுதலை கிடையாது. கடனோ கங்காணியின் பற்றில் வளர்ந்துகொண்டே இருக்கும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கி எழுப்பிய குரலும், இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் சேர்ந்தே 1921இல் துண்டு முறையை ஒழித்தன. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இவை சட்டமன்றத்தின் வேலைதான் என்றாலும், அப்போதைய சட்டசபையில் தோட்டச் சொந்தக்காரரின் செல்வாக்கு எவ்வளவு என்பதை நினைவில் வைத்துத்தான் இவற்றை எடைபோட வேண்டும். அத்துமீறல் சட்டம் அப்படியே இருந்தது. சங்கக்காரர் லயத்துக்குள் கால்வைத்தால் வழக்குப் போடலாம். தோட்ட வாசலுக்கு அப்பால் எந்த உறுப்பினரின் கேள்வியும் செல்லாது.

1931இன் டொனமூர் யாப்பு இந்த நிலையைக் குழப்பிவிட்டது. தெரிவான 50 பேர், நியமனம் பெற்ற 8 பேர், அரச அதிகாரிகள் மூவர் என 61 பேர் கொண்டது அரசாங்க சபை. சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவின் தலைவரும் அமைச்சரானார். பொலிஸ் உள்நாட்டு அலுவல் குழுவின் கீழ் வந்தது. பாதுகாப்பு, சட்டம், நிதி ஆகியவை மட்டும் பிரித்தானிய அதிகாரிகள் மூவரிடம் நின்றன. அவர்களுக்கு மேலே ஒதுக்கப்பட்ட அதிகாரங்களோடு தேசாதிபதி. ஆக, ஒரே வீட்டில் இரண்டு சாவிக்கொத்து.

சர்வசன வாக்குரிமை தோட்டங்களுக்கு முழுமையாக வரவில்லை. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை குறுக்கே நின்றது. இருந்தும் 1931இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை 1939 அளவில் இரண்டேகால் இலட்சத்தை எட்டியது. அட்டன் தொகுதி 1931இல் பெரி சுந்தரத்தை அனுப்பியது. அவர் தொழில் அமைச்சரானார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசய்யரை அனுப்பியது. தோட்டங்களில் முதலில் தொழிற்சங்கம் கட்டியவர், 'தேச நேசன்' நடத்தியவர், துரைமாருக்குத் தீராத தலைவலி. அதே 1936 தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் சபைக்குள் நுழைந்தார்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் உள்ளே வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

மூல்தான் கப்பலும் 34 வாக்குகளும்

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1936இல் ரெலுகாஸ் தோட்டத்துக்கு வேலை பழக வந்தார். கொழுந்து எடுப்பவர்களோடு அவர் பழகிய விதம் பெரியதுரைக்குப் பிடிக்கவில்லை. வேலை போயிற்று. கப்பலேறுவதற்குப் பதில் சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கூட்டம். ஏறத்தாழ இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர் கூடியிருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாயவும் மேடையில். பிரேஸ்கேர்டில் எழுந்து மலைச்சரிவுகளில் தெரிந்த பங்களாக்களைக் காட்டிப் பேசினார். ஒவ்வொரு வசனத்துக்கும் கூட்டத்திலிருந்து 'சாமி, சாமி' என்ற சத்தம் எழுந்ததாகத் தோட்டத் தரப்பின் குறிப்பொன்றே சொல்கிறது. துரைமாரைக் கலக்கியது அவருடைய மார்க்சியம் என்று நான் நினைக்கவில்லை. அதைக் கொழும்புத் தெருமுனைகளில் அவர்கள் ஏற்கனவே சகித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் வெள்ளைக்காரன் பங்களாவைச் சுட்டிக்காட்டுவதைத் தொழிலாளர் பார்த்துவிட்டார்கள், அதுதான் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 22இல் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸின் நாடுகடத்தல் கட்டளை வந்தது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் மூல்தான் கப்பலில் ஏறிவிட வேண்டும். ஆதாரமாகக் காட்டப்பட்டது 1896ஆம் ஆண்டின் அரச கழகக் கட்டளை. முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1916இல், திருத்தப்பட்டது. பிரேஸ்கேர்டில் தலைமறைவானார். கப்பல் அவரில்லாமல் போயிற்று.

மே 5ஆம் திகதி அரசாங்க சபையில் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் தேசாதிபதி மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தீர்மானத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டு அலுவல்களுக்கான பதில் அமைச்சரின் ஆலோசனையைப் பெறாமல் நாடுகடத்தல் கட்டளை இட்டது தவறு என்பதுதான் அதன் சாரம். தோட்டத்தில் கூலிக்காரர் நடத்தப்படும் விதம் பற்றி அதில் எதுவும் இல்லை. அந்த வடிவத்தில் கொண்டுவந்ததால்தான் அமைச்சர்களும் கைதூக்க முடிந்தது. ஆதரவாக 34, எதிராக 7. முடியின் பிரதிநிதியை அவர் ஆளும் நாட்டின் சபையே இப்படிக் கண்டித்தது. அன்று மாலை காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தில் பிரேஸ்கேர்டிலே மேடையேறினார். பேசியவர்களில் அமைச்சர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் ஒருவர்.

சில நாட்களில் பிரேஸ்கேர்டில் கைதானார். ஆட்கொணர்வு மனு பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான மூவர் முன் வந்தது. எச்.வி. பெரேரா வாதிட்டார். தேசாதிபதியின் முடிவை நீதிமன்றம் துருவிப்பார்க்க முடியாது என்று முடிச் சட்டத்தரணிகள் சொன்னார்கள். அவசரநிலைக்காகத் தரப்பட்ட அதிகாரத்தைச் சமாதான காலத்தில் எடுத்தாள முடியாது என்றது நீதிமன்றம். மே 18இல் பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

சபையின் தீர்மானம் தேசாதிபதியைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. கட்டளையை உடைத்தது நீதிமன்றமே. தேசாதிபதியின் பின்னால் சபையின் பெரும்பான்மை இல்லை என்பதை 34 வாக்குகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அரசியல் பொறுப்புக்கூறலின் முதற்படி அதுவே.

முல்லோயா

இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் விலைவாசி ஏறியது. கூலி ஏறவில்லை. சமசமாஜிகளின் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகம் அவரை இன்றும் முதல் தியாகியாக நினைவுகூர்கிறது.

கிளர்ச்சி வலுத்து விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கோவிந்தனின் விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். தோட்டத் தொழிலாளியின் மரணத்துக்குப் பொலிஸ் அதிகாரி சாட்சிக்கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டிய நிலை. மலையகம் அதுவரை கண்டிராத காட்சி.

உண்மையான முறுகல் அதன் பிறகு வந்தது. விசாரணை முடியும்வரை வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைக்க இடம் கொடுக்கும்படி உள்நாட்டு அலுவல் அமைச்சர் சேர் டி.பி. ஜயதிலக கேட்டார். பொலிஸ் மாஅதிபர் பாங்ஸ் மறுத்தார். 1937இலும் அந்தப் பதவியில் இருந்தவர் இதே பாங்ஸ்தான். புதிய தேசாதிபதி சேர் அன்ட்ரூ கால்டிகொட் மாஅதிபரின் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர் சபை பதவி விலகியது. பேச்சுவார்த்தைக்குப் பிறகே அமைச்சர்கள் திரும்பி வந்தார்கள்.

தேசியவாத வரலாறு இதைச் சுயாட்சிக்கான துணிச்சலாகப் பதிவுசெய்திருக்கிறது. எனக்கு அதில் அரைகுறை உடன்பாடுதான். வழக்கு நடத்தும் விடயத்தில் அமைச்சர் சொல்வதைப் பொலிஸ் மாஅதிபர் கேட்க வேண்டுமா என்பது அவ்வளவு எளிதான கேள்வி இல்லை. இன்று அமைச்சர் ஒருவர் அப்படிக் கேட்டால் அரசியல் தலையீடு என்போம். 2001இன் 17ஆம் திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உண்டாக்கியது இதைத் தடுக்கத்தான். 2010இல் 18ஆவது திருத்தம் அதைப் பலவீனப்படுத்தியது. 2015இல் 19ஆவது மீட்டது. 2020இல் 20ஆவது மறுபடி சாய்த்தது. 2022இல் 21ஆவது மறுபடி நிமிர்த்தியது. ஆனால் 1940இன் மாஅதிபர் சுயாதீனமான அதிகாரி அல்லர். அமைச்சருக்குக் கட்டுப்படாதவர் தேசாதிபதிக்குக் கட்டுப்பட்டிருந்தார். தேசாதிபதி சபைக்குப் பதில் சொல்லத் தேவையில்லாதவர். சங்கிலியின் கடைசிக் கண்ணி லண்டனில் இருந்தது.

நிறைவேற்றுத்துறை சும்மா இருக்கவில்லை. 1940 ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் மூவரும் போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் கைதானார்கள். முல்லோயா பற்றிச் சபையிலும் ஆணைக்குழு முன்பும் கேட்டவர்கள் வழக்கு விசாரணையின்றிச் சிறையில் இருந்தார்கள். 1937இன் தீர்ப்பு சமாதான காலத்தைப் பற்றியது, இப்போதோ போர்.

வாக்கு இல்லாத இடத்தில்

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையிலும் அளுத்நுவரவிலும் மற்ற இருவர். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளைக் கரைசேர்த்தது.

அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டும் என்று சுருக்கிய தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. கொண்டுவந்த அரசாங்கத்தின் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க, முல்லோயாவுக்காகப் பதவி விலகிய அமைச்சர்களில் ஒருவர். அமைச்சரவையில் இருந்த பண்டாரநாயக்க காலிமுகத்திடல் மேடையில் பேசியவர். முரண்பாடு என்று சொல்ல மனம் வருகிறது. ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. 1937இலும் 1940இலும் அவர்கள் காத்தது அமைச்சரின் அதிகாரத்தை. 1948இல் அந்த அதிகாரம் முழுமையாகக் கைக்கு வந்தபின் அதை யார் கேள்வி கேட்கலாம் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து எழுந்த கோடாக்கன் பிள்ளை வழக்கில், சிறுபான்மையினருக்குச் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு தந்த பாதுகாப்பைக் காட்டி வாதிட்டும், 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் அச்சட்டங்கள் செல்லும் என்றது.

1952 நாடாளுமன்றத்தில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரின் தலைவிதியை எழுதியது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளப்படும். இரண்டு பிரதமர்களின் கையெழுத்து போதுமானதாயிற்று. அப்போது நிதியமைச்சர் என்.எம். பெரேரா. 1972 குடியரசு யாப்பை வரைந்தவர் கொல்வின். 29ஆம் பிரிவும் நியமன உறுப்பினர் முறையும் அதில் இல்லை. பெருந்தோட்டத்துறை அமைச்சராகவும் அவரே இருந்தார். கோவிந்தனின் விதவைக்காக ஆணைக்குழு முன் நின்றவர் அமைச்சராயிருந்த அந்த அரசாங்கத்தின் காலத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின.

1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்றவர்கள் மீது பொலிசார் சுட்டதில் சிவனு லட்சுமணன் இறந்தார். முல்லோயாவோடு ஒப்பிடத்தக்க சம்பவம். ஆனால் அப்போதைய சட்டமன்றத்தின் கூட்டத்தொடர் பெப்ரவரியிலேயே முடித்துவைக்கப்பட்டிருந்தது. கண்டனத் தீர்மானம் கொண்டுவர இடமும் இல்லை, தோட்ட வாக்கில் தெரிவானவரும் இல்லை. அதே வருடம் ஜூலையில் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாம் உறுப்பினராகத் தெரிவானார். 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது, அவர் அமைச்சரானார். மலையகத்தின் குரல் தேர்தல் வழியாக முப்பது வருடம் கழித்துத் திரும்பியபோது நிறைவேற்றுத்துறையைக் கேள்வி கேட்கும் இடத்தில் உட்காராமல் அதற்குள்ளேயே உட்கார்ந்தது. பேரம்பேசிப் பெற்றவை பல. 1988இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவற்றில் ஒன்று. எதிர்க்கட்சி வரிசையின் வேலையை யாரும் செய்யவில்லை என்பதும் அந்தப் பேரத்தின் விலைதான்.

தோட்ட வாசல் பற்றிய கேள்வி பிரதேச சபைகளில் வந்து நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதி செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அம்பகமுவவிலும் நுவரெலியாவிலும் தோட்ட வாக்கில் தெரிவான உறுப்பினர், தனக்கு வாக்களித்த லயத்தின் பாதைக்குக் கல் போட முடியாது. வாக்கு உள்ளே செல்லும், சபையின் பணம் செல்லாது என்ற விசித்திரம் முப்பது வருடம் நீடித்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே காலத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்றிருந்த இரண்டு பிரதேச சபைகள் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றையும் சேர்த்து ஆறாகின. பாதையும் குடிநீரும் இனிச் சபையில் கேட்கக்கூடிய விடயங்கள். லயமும் அது நிற்கும் காணியும் இன்னும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில். அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று எந்தச் சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை.