மைய வெப்பமூட்டல் அமைப்பில் அடைப்புத் தடுப்பு

குளிர்நாட்டு வீடுகளில் ஒரே பாய்லரில் நீரைச் சூடாக்கி, குழாய் வழியே எல்லா அறைகளுக்கும் வெப்பம் கொண்டுசெல்லும் ஏற்பாடு மைய வெப்பமூட்டல் எனப்படும். குழாய்களிலும் பாய்லரின் உள்வழிகளிலும் துருச்சேறு, சுண்ணாம்புப் படிவு, பனிக்கட்டி ஆகியவற்றுள் ஒன்று நீரோட்டத்தை மறிப்பதே அடைப்பு. பிரிட்டன் வீடுகளில் பரவலாக உள்ள எரிவாயு பாய்லர் அமைப்பை ஒட்டி, அடைப்பு உண்டாகும் விதமும் அதைத் தடுக்கும் முறைகளும் இங்கே தரப்படுகின்றன.

மூன்று நீர்வழிகள்

இவ்வமைப்பில் ஒன்றோடொன்று கலவாத மூன்று நீர்வழிகள் இருக்கக்கூடும். முதலாவது, பாய்லருக்கும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையே பம்ப் சுழலவிடும் நீர். இது குடிநீர் அன்று. ஒருமுறை நிரப்பியதே ஆண்டுக்கணக்கில் சுழல்கிறது. இரண்டாவது, குளியலறைக்கும் சமையலறைக்கும் செல்லும் வெந்நீர். தொட்டி இல்லாத கோம்பி பாய்லரில் இது அப்போதைக்கப்போது சூடாக்கப்படுகிறது. மூன்றாவது, எரிந்த புகையிலுள்ள நீராவி குளிர்ந்து சொட்டும் வடிநீர். மூன்றிலும் அடைப்பின் காரணம் வேறு. ஆகவே தடுப்பும் வேறு.

கருஞ்சேறு

ரேடியேட்டர்கள் பெரும்பாலும் எஃகுத் தகட்டால் ஆனவை. புதிதாக நிரப்பிய நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் எஃகை அரித்துத் தீர்ந்துவிடும். அதன்பின் அரிப்பு மிக மெதுவாகவே நடக்கும். அந்த நிலையில் இரும்பு, நீருடன் வினைபுரிந்து மேக்னடைட் என்னும் கரிய ஆக்சைடாக மாறுகிறது. ஹைட்ரஜன் வாயுவும் வெளியாகிறது. மேக்னடைட் நீரைப்போல் ஐந்து மடங்கு அடர்த்தி உடையது. எனவே ஓட்டம் தளரும் ரேடியேட்டரின் அடிப்பகுதியில் அது சேறாகத் தங்கும். பம்பிலும், பாய்லருக்குள் நீரைச் சூடாக்கும் வெப்பமாற்றியின் குறுகிய வழிகளிலும், 8 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய்களிலும் அது விரைவில் அடைத்துக்கொள்ளும்.

புதுநீர் புகாமை

சுழல்நீரைப் பொறுத்தவரை, அடிக்கடி புதுநீர் சேராமல் பார்ப்பதே முதன்மையான தடுப்பு. சேரும் ஒவ்வொரு லிட்டரும் புதிய ஆக்சிஜனையும் சுண்ணாம்பையும் கொண்டுவருகிறது. மூடிய அமைப்பில், ஆறிய நிலையில் அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். அது அடிக்கடி இறங்கினால், நீர் நிரப்பிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. கசிவைத் தேட வேண்டும்.

கசிவே தெரியாதபோது விரிவுக் கலனைச் சோதிப்பது வழக்கம். அதிலுள்ள காற்றழுத்தம் போய்விட்டால், சூடேறும்போது நீர் விரிய இடமிராது. அழுத்தம் 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே தள்ளும். ஆறியதும் அழுத்தம் குறைய, வீட்டார் மறுபடி நிரப்புவார்கள். இந்தச் சுழற்சி பல மாதங்கள் நீடித்தால் சேறு பெருகும்.

மச்சில் சிறு நீர்த்தொட்டி வைத்த பழைய திறந்த அமைப்புகளில் தொட்டிக்கு மூடி அவசியம். தொட்டிநீர் சுழல்குழாயோடு சேரும் இடத்தில் சேறு திரண்டு அடைப்பதும் உண்டு. தரைக்கடியில் பிளாஸ்டிக் குழாய் பதிப்பதானால் ஆக்சிஜன் ஊடுருவாத வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தடுப்பானும் வடிகட்டியும்

அரிப்புத் தடுப்பான் என்னும் வேதிக்கரைசல் உலோகத்தின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். சுவருக்கு வண்ணம் பூச ஒரு ரேடியேட்டரைக் கழற்றி மீண்டும் நிரப்பினாலே கரைசல் நீர்த்துப்போகும். குறைந்ததை ஈடுசெய்ய வேண்டும். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் பொருத்தும் காந்த வடிகட்டி, மேக்னடைட் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுப் பராமரிப்பின்போது அதைக் கழுவ வேண்டும். பிரிட்டனின் பி.எஸ். 7593 தரநெறி, 2019ஆம் ஆண்டுப் பதிப்பில், நிலையான வடிகட்டியையும் தடுப்பான் அளவின் ஆண்டுச் சோதனையையும் பரிந்துரைக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரை முழுமையாகச் சோதிக்கவோ தடுப்பானைப் புதுப்பிக்கவோ வேண்டும் என்பதும் அதில் உண்டு.

சுண்ணாம்புப் படிவு

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் குழாய்நீர் கடினமானது. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் மென்மையானது. கடின நீரைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட் பிரிந்து படியும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை 100 லிட்டர் ஒருமுறை நிரப்பினால், அதிகபட்சம் 30 கிராம் படிவே கிடைக்கும். ஆனால் கோம்பி பாய்லரின் வெந்நீர் வழியில் நாள்தோறும் புதுநீர் பாய்வதால் படிவு வளர்ந்துகொண்டே போகும். வெந்நீர் வெப்பத்தை 60 பாகை செல்சியஸுக்குக் கீழே வைப்பது படிவைக் குறைக்கும். நீர் மென்மையாக்கி பொருத்துவது பெருமளவு தடுக்கும். ஆனால் மென்மையாக்கிய நீரைச் சுழல்வழியில் நிரப்பத் தயாரிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். அலுமினிய வெப்பமாற்றி உள்ள பாய்லர்களில் அது அரிப்பை உண்டாக்கலாம்.

வடிநீர்க் குழாய் உறைதல்

2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, புகையின் நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும் என்றானது. இவற்றின் வடிநீர்க் குழாய் வீட்டுக்கு வெளியே சென்றால் கடுங்குளிரில் உறைந்து அடைக்கும். பாய்லர் தானாக நின்றுவிடும். 2010 டிசம்பர்க் குளிரில் இச்சிக்கல் பரவலாக எழுந்தது. குழாயைக் கூடியவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுசெல்வது சிறந்தது. வெளியே போகும் பகுதி குறுகிய நீளமும், குறைந்தது 30 மில்லிமீட்டர் உள்விட்டமும், நல்ல சரிவும், வெப்பக்காப்பு உறையும் கொண்டிருக்க வேண்டும். உறைந்தால் வெதுவெதுப்பான நீரைக் குழாய்மேல் ஊற்றலாம்; கொதிநீர் குழாயைப் பிளந்துவிடக்கூடும்.

அறிகுறிகள்

ரேடியேட்டரின் மேற்பகுதி சுட்டு, அடிப்பகுதி சில்லென்றிருந்தால் சேறு தங்கியுள்ளது. மேற்பகுதி சில்லென்றிருந்தால் வாயு சேர்ந்துள்ளது; வால்வைத் திறந்து வெளியேற்றலாம். வெளியேற்றிய சில நாளிலேயே மீண்டும் மீண்டும் வாயு சேர்ந்தால் உள்ளே அரிப்பு நடப்பதாகக் கருதலாம். அவ்வாயு எரியக்கூடிய ஹைட்ரஜனாக இருக்கலாம் என்பதால் அருகில் தீ கூடாது. பாய்லர் கெட்டில்போல் இரைந்தால் வெப்பமாற்றியில் படிவோ சேறோ இருக்கக்கூடும்.

கழுவுதல்

சேறு மிகுந்தபின் தடுப்பான் மட்டும் ஊற்றிப் பயனில்லை. கழுவு மருந்து சேர்த்து, வேகமாக நீர் செலுத்தி அமைப்பை அலச வேண்டும். பழைய குழாய்களில் புதிய பாய்லரை இணைக்கும் முன்பும் இது தேவை; இல்லாவிட்டால் பழைய சேறு புதிய வெப்பமாற்றிக்குள் புகும். ரேடியேட்டரில் வாயு நீக்குவது, அழுத்தம் பார்ப்பது போன்றவற்றை வீட்டாரே செய்யலாம். பிரிட்டனில் எரிவாயுப் பணிகளைத் தொழிலாகச் செய்வோர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். எரிவாயு செல்லும் பகுதிகளைத் திறக்கும் வேலையை அவர்களிடமே விட வேண்டும்.