இழுத்தா கிழியணும்!

டேப் ரெக்கார்டர்ல பேட்டரி தீரப் போகும்போது பாட்டு எப்படி இழுக்கும்னு ஞாபகம் இருக்கா மக்கள்ஸ்? பாடகியோட குரல் மெல்ல ஆம்பளைக் குரலாகி, அப்புறம் பேய்க் குரலாகி நின்னுடும். வேகம் குறைஞ்சா சுருதியும் இறங்கும். நாடாவைப் பொறுத்தவரை ரெண்டும் ஒட்டிப் பிறந்த குழந்தைங்க. அதுங்களைப் பிரிக்க நடந்த முயற்சியும், அது அரைகுறையா முடிஞ்சதால பிறந்த ஒரு சத்தமும்தான் இன்னிக்கு மேட்டர்.

பிரிக்கறதுக்கு வழி சொன்னவர் டென்னிஸ் கேபார். 1971-ல ஹோலோகிராஃபிக்காக நோபல் வாங்கினாரே, அவரேதான். ஒலியைப் பொடிப்பொடித் துணுக்கா வெட்டிக் கையாளலாம்னு 1940-கள்லயே எழுதிட்டார். ஒவ்வொரு துணுக்கையும் ரெண்டு தடவை ஓட்டினா நேரம் இரட்டிப்பாகும், ஆனா சுருதி மாறாது. 1954-ல அமெரிக்காவுல ஃபேர்பேங்க்ஸ் குழு, சுழலும் டேப் ஹெட் வச்சுப் பேச்சை இப்படி நீட்டியும் சுருக்கியும் காட்டினாங்க.

அப்புறம் வந்தது சாம்ப்ளர் காலம். ஒரு ஒலித்துண்டைப் பதிஞ்சு வச்சு, கீபோர்டு கட்டையை அமுக்கினா வாசிக்கற பெட்டி. ஜப்பானோட அகாய் கம்பெனி 1988-ல எஸ்950, எஸ்1000-னு ரெண்டு பெட்டி விட்டது. முதலாவது 12 பிட், ரெண்டாவது 16 பிட். எஸ்1000-ல ஆரம்ப நினைவகம் 2 எம்பி. ஸ்டீரியோவுல முழுத் தரத்தோட பதிஞ்சா சுமார் 12 வினாடியில நிரம்பிடும். இந்த இத்துனூண்டு இடத்துக்குள்ளதான் 'டைம்ஸ்ட்ரெட்ச்' வசதி ஓடணும். அதுவும் உடனே கேட்காது. எண்ணைக் குடுத்துட்டு, பெட்டி கணக்குப் போட்டு முடிக்கற வரைக்கும் காத்திருக்கணும்.

அது போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. ஒலியை ஒரே நீளத் துண்டுகளா வெட்டு, திரும்பத் திரும்ப ஓட்டு, ஒட்டுற இடத்துல லேசா ஒண்ணுக்குள்ள ஒண்ணைக் கரை. உள்ள இருக்கறது மத்தள அடியா, பாட்டா, பேச்சான்னு பார்க்கவே பார்க்காது. துண்டு நீளம் 1000 சாம்பிள்னு வச்சுக்குங்க. வினாடிக்கு 44,100 சாம்பிள்னா வினாடிக்கு 44 ஒட்டு வரும். வினாடிக்கு 44 தடவை ஒழுங்கா நடக்கற எதுவும் காதுக்குத் தனி ஒட்டா கேட்காது, ஒரு ரீங்காரமாத்தான் கேட்கும். குரலை இழுத்தா தகர டப்பாவுக்குள்ள பேசற ரோபோ. டிரம் அடியை இழுத்தா 'டர்ர்ர்'.

கொஞ்சமா நீட்டினா இந்தக் குறை அவ்வளவா தெரியாது. வசதி வச்சதே அதுக்குத்தான். ஆனா 1990-களோட ஆரம்பத்துல லண்டன்ல ஜங்கிள் இசை பண்ணின பசங்க, 'கொஞ்சமா'ங்கற வார்த்தையைக் கேள்விப்பட்டதே இல்லை போல :-) ரெண்டு மடங்கு, நாலு மடங்குன்னு இழுத்தாங்க. ரெகே பாடகர்களோட ஒரு சொல் உலோகக் கம்பி மாதிரி நீண்டு உடைஞ்சுது. அந்த உடைசலே அந்த இசைக்கு அடையாளமாப் போச்சு. 1998-ல ஃபேட்பாய் ஸ்லிமோட 'தி ராக்கஃபெல்லர் ஸ்காங்க்' வந்தப்போ, நடுவுல பாட்டே இழுபட்டுத் திக்கறதை உலகமே கேட்டு ஆடிச்சு.

இப்ப இருக்கற மென்பொருள்கள் அடி எங்க விழுதுன்னு கண்டுபிடிச்சு அதைத் தொடாம மத்ததை மட்டும் நீட்டும். தையலே தெரியாது. விளைவு? அந்தப் பழைய தகரச் சத்தத்துக்காக அகாய்சர்னு தனியா ஒரு இலவச மென்பொருளே எழுதவேண்டி வந்தது!

நானும் பொட்டி தட்டறவன்தானே, பைதான்ல நாப்பது வரி எழுதிப் பார்த்தேன். முதல் தடவை துண்டுகளை நல்லா மேல மேல ஏத்தி, வழவழன்னு கரைச்சேன். பனிமூட்டம் மாதிரி ஒரு சத்தம், ஜங்கிளே இல்லை. அடுத்து, அலை வடிவம் பொருந்தற இடமாத் தேடி ஒட்டினேன். இன்னும் சுத்தம், இன்னும் மோசம். கடைசியா தேடலைத் தூக்கிட்டு, துண்டு நீளத்தை மாறாம வச்சு, கரைக்கற நேரத்தைச் சுருக்கினேன். வந்துடுச்சு 'டர்ர்ர்'. புத்திசாலித்தனமா எழுதின ஒவ்வொரு வரியும்தான் குறுக்க நின்னிருக்கு. வேலையில பக்கை மூடினா பாராட்டு. இங்க பக்கைத் திறந்தாத்தான் பாட்டு.

சோதனைக்கு நான் எடுத்தது ஜங்கிள்காரங்களோட செல்லமான 'ஆமென் பிரேக்'. 1969-ல தி வின்ஸ்டன்ஸ் குழுவோட 'ஆமென், பிரதர்' பாட்டுல கிரிகோரி கோல்மன் தனியா வாசிச்ச சுமார் ஏழு வினாடி டிரம்ஸ். ஆயிரக்கணக்கான பாட்டுல அது வெட்டப்பட்டு, இழுக்கப்பட்டு ஓடிச்சு. கோல்மனுக்கு அதுல ஒரு காசும் வரலை. 2006-ல வறுமையில செத்துப்போனார். 2015-ல இசை ரசிகர்கள் சேர்ந்து 24,000 பவுண்டு திரட்டிக் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குக் குடுத்தாங்க. கோல்மனுக்கு அது ஒன்பது வருஷம் லேட்.

என் ஸ்க்ரிப்ட்ல அந்த ஏழு வினாடியை நாலு மடங்கு இழுத்துக் கேட்டேன். ஸ்னேர் அடி ஒவ்வொண்ணும் கிழியுது. சுத்தமான மென்பொருள்ல கேட்டப்போ அது வெறும் டிரம்ஸ். இங்க கிழியற இடத்துலதான், யாரோ ஒருத்தர் கையால அடிச்சதை நாம வெட்டி எடுத்திருக்கோம்னு உறைக்குது. தையல் தெரியட்டும்னு விட்டுட்டேன்.

கொசுறு: வீட்டுல இதைக் கேட்ட அம்மா சொன்ன விமர்சனம், "மிக்ஸி ரிப்பேரா?" :-)