கணைய அழற்சி: சிகிச்சை

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கும் வலியோடு வரும் திடீர்க் கணைய அழற்சிக்கு முதல் சிகிச்சை, நரம்புவழி ஏற்றும் நீர்மமும் வலிநிவாரணியும். நாள்கணக்கில் பட்டினி போடும் பழைய வழக்கம் போய்விட்டது. தாங்க முடிந்தவுடன் உணவு தருகிறார்கள். தொற்று இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை.

நாட்பட்ட அழற்சி தென்னிந்தியாவை விசேஷமாக வாட்டும் நோய். மதுவைத் தொடாத இளைஞர்களுக்கும் கணையக்கல்லும் நீரிழிவும் வருவதைக் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவுசெய்தார். பெங்களூரு போன்ற நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில் கல்லை அதிர்வலையால் நொறுக்கி, எண்டோஸ்கோப்பி மூலம் அகற்றுகிறார்கள். வலி அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. செரிமானத்துக்கான நொதி கேப்சூலைச் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் பயனில்லை. பலருக்கு இன்சுலினும் தேவைப்படும். மது, புகை இரண்டையும் அறவே விடவேண்டும்.