மலையேறிய மிதிவண்டி

1990களில் நம் நாட்டில் பள்ளி சென்ற பிள்ளைகளுக்கு ‘எம்.டி.பி.’ என்னும் மூன்று எழுத்துகள் நன்கு பழக்கமானவை. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தாரின் ஹெர்குலிஸ் வண்டி ஒன்று அப்பெயரைத் தாங்கி நாடெங்கும் விற்பனையாயிற்று. டில்லியிலும் பம்பாயிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாசல்களிலும் அது சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தடித்த டயரும் நேரான கைப்பிடியும் அதன் அடையாளங்கள். அவ்வெழுத்துகள் ஆங்கிலத்தில் மலை மிதிவண்டியைக் குறிப்பன என்பதை, மலையையே கண்டிராத அப்பிள்ளைகளில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எவர் அதைப் படைத்தனர் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

சாலையை விட்டு விலகி மிதிவண்டி ஓட்டுவது புதிய செயல் அன்று. 1897ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் படையின் 25ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த நீக்ரோ இனப் போர்வீரர் சிலர், மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை ஏறத்தாழ 1,900 மைல் தொலைவை மலையும் சேறும் கடந்து மிதிவண்டியிலேயே சென்றனர். 1955ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கரடுமுரடான பாதைகளில் செல்வதற்கென்றே ஒரு கழகம் அமைந்தது. ஆயினும் அவர்கள் எல்லோரும் சாலைக்கென்று செய்த வண்டியையே காட்டுக்கும் கொண்டு சென்றார்கள். மலைக்கென்றே ஒரு வண்டி பிறந்த வரலாறு கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பொன்வாயில் பாலத்தைக் கடந்தவுடன் தொடங்கும் மரின் என்னும் மாவட்டத்தைச் சேர்ந்தது.

அம்மாவட்டத்தின் நடுவே டமல்பாயிஸ் மலை நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 2,570 அடி. நமது தொட்டபெட்டாவை அறிந்தவர்கள் அதைக் குன்று என்றே சொல்லக்கூடும். எனினும் அதன் சரிவுகளிலும் அண்டை மலைகளிலும், காட்டுத்தீ மூண்டால் வண்டிகள் விரைந்து செல்லுவதற்கென வெட்டிய மண்பாதைகள் வலைபோல் பின்னிக் கிடந்தன. மலையடிவாரச் சிற்றூர்களில் வாழ்ந்த இளைஞர்களுக்கு 1970களின் தொடக்கத்தில் அப்பாதைகள் விளையாட்டுக் களமாயின. அவர்களில் பலர் சாலைப் பந்தயங்களில் கலந்துகொள்ளும் வீரர்கள். மெல்லிய டயர் பூட்டிய, விலையுயர்ந்த ஐரோப்பிய வண்டிகளில் வாரம் முழுவதும் பயிற்சி செய்துவிட்டு, ஓய்வு நாளில் முற்றிலும் வேறான ஒரு வாகனத்தின் மீது ஏறினார்கள்.

அந்த வாகனம் பழைய இரும்புக் கடையில் கிடைத்த குப்பை என்றால் மிகையாகாது. ஷ்வின் என்னும் சிகாகோ நகரத்துத் தயாரிப்பாளர் 1933ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கென்று காற்றுப்பை போன்ற தடித்த டயருடன் ஒரு வண்டியை அறிமுகப்படுத்தியிருந்தார். செய்தித்தாள் போடும் பையன்கள் சுமையேற்றி மிதித்தாலும், நடைமேடை விளிம்பில் மோதினாலும் தாங்கவேண்டும் என்பது அதன் இலக்கணம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவை கொட்டகைகளிலும் குப்பைமேட்டிலும் துருவேறிக் கிடந்தன. சில டாலர் கொடுத்தால் ஒன்று கிடைக்கும். இளைஞர்கள் அவற்றின் மட்கார்டையும் அலங்காரத் தகடுகளையும் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சிய வலுவான சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நீண்ட அமைப்பும் சாய்ந்த முன்கவையும் கொண்ட அந்தப் பழஞ்சட்டம் செங்குத்துச் சரிவில் நிலை தடுமாறாமல் இறங்கியது. சிறுவர் வண்டியை உருவாக்கியவர் கனவிலும் எண்ணாத நற்குணம் இது.

மேலே ஏறுவதுதான் கடினம். ஒரே பல்சக்கரம் உடைய அந்தக் கனத்த வண்டியை ஏற்றத்தில் பெரும்பாலும் தள்ளிக்கொண்டே செல்லவேண்டும். அல்லது எவருடைய சரக்கு வண்டியிலாவது போட்டுக் கொண்டு போகவேண்டும். இறங்குவதற்கோ சில நிமிடங்களே போதும். அந்தச் சில நிமிடங்களுக்காக அவர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டார்கள்.

எவன் விரைவாக இறங்குகிறான் என்னும் வாக்குவாதம் நண்பர்களிடையே எழுவது இயல்பு. அதைத் தீர்ப்பதற்காக 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரை அடுத்த ஒரு மலைச்சரிவில் முதற் பந்தயம் நடந்தது. பாதையின் நீளம் ஏறத்தாழ 2 மைல். இறக்கம் 1,300 அடி. அதற்கு இட்ட பெயர் ‘ரீபேக்’. இப்பெயரின் காரணம் சைக்கிள் கடையை அறிந்த எவருக்கும் உடனே விளங்கும். அந்தப் பழைய வண்டிகளில் கைப்பிடியில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே உராய்வு ஏற்பட்டு வண்டி நிற்கும். இரண்டு மைல் சரிவில் இடைவிடாது அவ்வாறு மிதித்தால் குடம் பழுக்கக் காய்ந்து, உள்ளிருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகிப் போகும். அடிவாரம் வந்ததும் குடத்தைப் பிரித்துப் புதுக் கிரீஸை மீண்டும் அடைத்தாலொழிய அடுத்த ஓட்டம் இல்லை. அந்த ‘மீண்டும் அடைத்தல்’தான் பாதையின் பெயராயிற்று. நம் ஊர்க் கடைக்காரர் ஆண்டுக்கொருமுறை செய்யும் ‘ஓவராயில்’ வேலையை அவர்கள் ஒவ்வோர் இறக்கத்துக்கும் செய்தார்கள் என்று கொள்ளலாம்.

பந்தயத்தை ஒழுங்கு செய்தவர் சார்லி கெல்லி என்பவர். ஓர் இசைக்குழுவின் கருவிகளைச் சுமந்து அமைக்கும் பணியில் இருந்தவர். ஒரே நேரம் காட்டும் இரு கடிகாரங்கள், ஒன்று உச்சியில், மற்றொன்று அடியில். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பாடு. முடிவுகளைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம். ஏற்பாடு அவ்வளவே. தலைக்கவசம் அணிந்தவர் அரியர். முரட்டுக் காற்சட்டையும் தொழிலாளர் பூட்சும் கையுறையுமே காப்பு. முதற் பந்தயத்தில் ஆலன் பாண்ட்ஸ் வென்றார். பின்னர் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். அது இறுதிவரை எவராலும் முறியடிக்கப்படவில்லை. தலைமுடியை நீளமாக வளர்த்தார் என்னும் குற்றத்துக்காக 1968ஆம் ஆண்டில் சாலைப் பந்தயங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர் இந்த ஃபிஷர்! ஜோ பிரீஸ் என்பவர் 4 நிமிடம் 24 விநாடியில் வந்தார். வெண்டி கிராக் என்னும் பெண்மணி, தொடக்க நாட்களில் பெண்கள் எவரும் இல்லாத அக்கூட்டத்தில் தாமும் கலந்துகொண்டதோடு, புகைப்படக் கருவியையும் உடன் கொண்டு சென்றார். அவர் எடுத்த படங்கள் இல்லையேல் இவ்வரலாற்றில் பாதி வாய்மொழிக் கதையாகவே நின்றிருக்கும். 1976 முதல் 1984 வரை மொத்தம் 24 பந்தயங்கள் நடந்தன.

ஏற்றத்தின் தொல்லை நீங்கியதும் இக்காலத்தில்தான். 1974ஆம் ஆண்டு டிசம்பரில் மரினில் நடந்த வேறொரு பந்தயத்துக்குத் தெற்கேயுள்ள கூபர்டினோ ஊரிலிருந்து சில இளைஞர் வந்தனர். அவர்களுடைய பழைய வண்டிகளில் பல பற்சக்கரங்களும் சங்கிலியை மாற்றும் கியர் அமைப்பும் பூட்டப்பட்டிருந்தன. மரின் நண்பர்கள் அதைக் கண்டனர், கற்றனர். கியர் வந்தது, மோட்டார் சைக்கிளின் வலுத்த பிரேக் பிடிகள் வந்தன, ஆயினும் பழஞ்சட்டங்கள் ஒவ்வொன்றாய் முறிந்தன. ஆகவே 1977ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் புதிய உலோகக் குழாய்களைக் கொண்டு மலைக்கென்றே ஒரு சட்டத்தைத் தாமே பற்றவைத்து உருவாக்கினார். நண்பர்களுக்கெனச் செய்த அவ்வரிசையில் முதலாவது வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை.

1979ஆம் ஆண்டில் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிட்சி செய்தளித்த சட்டங்களைக் கொண்டு ஒரு சிறு வியாபாரம் தொடங்கினார்கள். அதற்கு ‘மவுண்டன்பைக்ஸ்’ என்று பெயரிட்டு, அப்பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்யவும் முயன்றார்கள், முயற்சி பலிக்கவில்லை. இருவருக்கு உரிமையாகியிருக்க வேண்டிய சொல் உலகத்தின் பொதுச் சொல் ஆயிற்று. சொல்லை மொழி மாற்றுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தி சுவையானது. தமிழில் ‘மலை மிதிவண்டி’ என்று எழுதிவிடலாம். ஆனால் பேச்சில் அது எம்.டி.பி.யாகத்தான் உருள்கிறது. 1981ஆம் ஆண்டில் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்து விற்ற ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வண்டியோடு நண்பர் குழாத்தின் கைத்தொழில், பெருந்தொழிலாக மாறியது.

அதன் பின்னர் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1990ஆம் ஆண்டில் கொலராடோவின் டுராங்கோ நகரில் உலகப் போட்டி. 1996ஆம் ஆண்டில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம். 2005ஆம் ஆண்டு முதல் நமது இமாசலப் பிரதேசத்தில் பல நாள் நீளும் இமயப் பந்தயம். பெங்களூரில் வாழும் தமிழர்களில் விடியலுக்கு முன் நந்தி மலைக்குப் புறப்படும் மிதிவண்டிக் கூட்டத்தைக் காணாதவர் இரார். அவர்களுள் சிலர் தார்ச்சாலையோடு நில்லாமல் மண்பாதையையும் நாடுவர்.

ஆனால் பிறந்த வீட்டில் இவ்வண்டிக்கு வரவேற்பு என்னவாயிற்று? பத்துப் பேர் இறங்கிய சரிவில் நூற்றுக்கணக்கானோர் இறங்கத் தொடங்கியதும், டமல்பாயிஸ் மலையில் நெடுங்காலமாக நடந்து வந்தோரும் குதிரையில் சென்றோரும் முறையிட்டனர். வளைவில் ஓசையின்றிப் பாய்ந்து வரும் வண்டியைக் கண்டு குதிரை மிரளும். முதியவர் பள்ளத்தில் ஒதுங்கவேண்டும். மழைக்குப் பின் சக்கரத் தடம் வாய்க்காலாகி மண் அரிக்கும். ஒற்றையடிப் பாதைகள் மிதிவண்டிக்கு மூடப்பட்டன. அகன்ற தீயணைப்புப் பாதைகளில் மட்டும், மணிக்கு 15 மைல் வேகத்துக்கு மேற்படாமல் செல்லலாம் என்று விதி வந்தது. 1984ஆம் ஆண்டில், சட்டத்தால் காக்கப்பட்ட கன்னிக் காடுகளில் மிதிவண்டியே கூடாதென்று அமெரிக்க வனத்துறையும் விதித்தது. புகையும் இரைச்சலும் இல்லாத எங்களை மோட்டார் வண்டியோடு ஒன்றாய் வைப்பது முறையா என்று ஓட்டுவோர் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் மலையில் முதலில் நடந்தவருடைய அமைதிக்கும் ஒரு நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். நம் நாட்டில் இவ்வழக்கு இன்னும் கூர்மையானது. இங்கே ஒற்றையடிப் பாதை என்பது உலாவுவதற்கென்று வெட்டியதன்று, விறகுச் சுமையோடு வருவோரும் ஆடு மாடுகளும் மிதித்து உண்டாக்கியது.

1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஐந்து கழகங்கள் ஒன்றுகூடிப் பன்னாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தன. அவற்றுள் மரின் கழகமும் ஒன்று. நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிடுக, ஈரப் பாதையைக் கெடுக்காதே, மூடிய பாதையில் நுழையாதே என்பன அதன் விதிகள். உறுப்பினர் மண்வெட்டியும் கையுமாக விடுமுறை நாட்களில் பாதைகளைச் செப்பனிடச் சென்றனர். வேகத்துக்காகக் கூடிய கூட்டம் வடிகால் வெட்டக் கூடியது. பல ஊர்களில் அடைந்த கதவுகள் அதனால் திறந்தன. டமல்பாயிஸ் மலையில் வழக்கு எளிதில் ஓயவில்லை. 2015ஆம் ஆண்டில் ஃபேர்ஃபாக்ஸில் மிதிவண்டி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய ஷ்வின் வண்டிகளை அங்கே காணலாம். ரீபேக் சரிவு அவ்வூருக்கு அண்மையில்தான் இருக்கிறது. தீயணைப்புப் பாதை ஆதலால் இன்றும் அதில் மிதிவண்டியில் இறங்குவோர் உண்டு. ஃபிஷரின் சாதனை ஓட்டத்தைக் கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 25 மைலுக்குக் குறையாது. விதி அனுமதிப்பதோ 15.