ஆண்டெனாவிலிருந்து செட்டாப் பாக்ஸ் வரை: நம் வீட்டுத் திரையும் நோன்பின் நேரமும்

ரமழான் மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் கடிகாரத்திற்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மஃரிப் பாங்குக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில், வீட்டின் கண்களெல்லாம் ஒரே திசையை நோக்கியிருக்கும். ஒரு காலத்தில் அந்தத் திசை பள்ளிவாசலாக இருந்தது. நகராவின் ஓசையும் வேட்டுச் சத்தமும் சங்கொலியும் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவித்தன. பிறகு வானொலி வந்தது. அதன்பின் தொலைக்காட்சி வந்து கூடத்தின் நடுவில் அமர்ந்துகொண்டது. அந்தப் பெட்டி கடந்து வந்த பாதையை நாம் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அந்தப் பாதையின் ஒரு திருப்பம், நாம் கவனியாமலேயே, நம் நோன்பின் எல்லையைத் தொட்டுச் சென்றிருக்கிறது.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது. சென்னைக்கு வர அது பதினாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, சென்னையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே படத்தைக் கண்டன. டயனோரா, சாலிடேர் போன்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் சில வீடுகளில் மட்டும் இருந்தன. தெருவே அந்த வீடுகளில் கூடியது.

தென்கடற்கரையோர ஊர்களின் கதை வேறு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் ஊர்களுக்குச் சென்னை அலை எட்டவில்லை. ஆனால் கொழும்போடு தலைமுறை தலைமுறையாக வணிகத் தொடர்பு வைத்திருந்த அவ்வூர்களுக்கு இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை முன்பே பழக்கமானது. 1982 பிப்ரவரியில் இலங்கை ரூபவாஹினி தொடங்கியபோது, மொட்டை மாடிகளில் உயரமான குழாய்கள் எழுந்து அவற்றின் உச்சியில் ஆண்டெனாக்கள் கிழக்கு நோக்கித் திரும்பின. காற்று அடித்தால் படம் ஆடும். ஒருவர் மாடியேறி ஆண்டெனாவைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து "இப்ப தெரியுது, அப்படியே விடுங்க வாப்பா!" என்று குரல் கொடுப்பது அன்றைய வழக்கம்.

அதே 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இந்தியாவிலும் வண்ண ஒளிபரப்பு வந்தது. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த நம் சகோதரர்கள் விடுமுறைக்கு வரும்போது வண்ணப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் சுமந்து வந்த காலமும் அதுவே. பெட்டியை வீட்டிற்குள் அனுமதிக்கலாமா என்று குடும்பங்களில் நடந்த வாக்குவாதங்களையும், பள்ளிவாசல் பயான்களில் ஒலித்த எச்சரிக்கைகளையும் மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். அந்தக் கவலை வீணானது என்று நம்மால் சொல்ல இயலாது.

இவையெல்லாம் அனலாக் முறையின் காலம். கேமரா கண்ட ஒளியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே மின்னலையின் ஏற்ற இறக்கமாக்கி அனுப்புவது அம்முறை. நம் நாட்டுப் படம் 625 கோடுகளால் ஆனது. நொடிக்கு 25 முறை அது மாறியது. அலை நலிந்தால் படத்தில் புள்ளிகள் கொட்டும், நிழல் விழும், ஆனாலும் ஏதோ ஒன்று தெரியும். நிலையத்திலிருந்து புறப்பட்ட அலை ஒளியின் வேகத்தில் வந்ததால், நேரடி ஒளிபரப்பில் தாமதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தூர்தர்ஷன் செய்திக்கு முன் தோன்றும் கடிகாரத்தைப் பார்த்து நம் வீட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டோம். அந்த நம்பிக்கைக்கு அன்று தகுந்த காரணம் இருந்தது.

1991 வளைகுடாப் போருக்குப் பின் கேபிள் தொலைக்காட்சி பரவியது. 1993 ஏப்ரலில் தமிழில் தனியார் செயற்கைக்கோள் ஒளிபரப்பு தொடங்கியது. பெரிய டிஷ் ஒன்றை நட்டு, தெருத்தெருவாகக் கம்பி இழுத்த கேபிள்காரர் நம் வாழ்வில் ஓர் அங்கமானார். ஆனால் ஒரு கேபிளில் எத்தனை வீடுகள் இணைந்துள்ளன என்ற கணக்கு ஒருவருக்கும் சரியாகக் கிட்டவில்லை. குறைத்துக் காட்டப்பட்ட கணக்கால் ஒளிபரப்பாளருக்குக் கட்டணமும் அரசுக்கு வரியும் குறைந்தன. அனலாக் முறையைக் கைவிடச் செய்த காரணங்களுள் இது முதன்மையானது. படத்தின் தெளிவு மட்டுமே காரணமன்று.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சென்னையில் 2003 செப்டம்பரிலேயே கட்டண அலைவரிசைகளுக்குச் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. 2011-இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடுநாள். சென்னையில் வழக்குகளால் அது இழுபறியானது. சிறு நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் 2017 வரை காலம் நீண்டது. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளை நம்பியிருந்த எளிய குடும்பங்களுக்கு இது பெரும் கவலையாக இருந்தது. 2017-இல் அரசு கேபிள் நிறுவனம் டிஜிட்டல் உரிமம் பெற்றுச் செட்டாப் பாக்ஸ்களை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது அக்கவலை ஓரளவு தணிந்தது. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் கோபுரங்களும் 2022-க்குள் பெரும்பாலும் ஓய்வுபெற்றன.

டிஜிட்டல் முறையில் படம் எண்களாக மாறுகிறது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறியதை மட்டும் கணக்கிட்டுச் சுருக்கி அனுப்புவதால், ஓர் அலைவரிசை செல்லும் இடத்தில் பல செல்ல முடிகிறது. சாதாரண டிஜிட்டல் படத்தில் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள், எச்.டி. படத்தில் ஏறத்தாழ 20 லட்சம். 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளைத் தூர்தர்ஷன் எச்.டி.யில் ஒளிபரப்பியது. அதன்பின் அகலத் திரை நம் கூடங்களுக்கும் வந்தது. புதிய திரையை வாங்கிவிட்டுப் பழைய பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளால் இணைத்து, "எச்.டி. என்றார்களே, முகமெல்லாம் அகன்று தெரிகிறதே!" என்று வியந்த வீடுகள் நம்மில் பல. எச்.டி. பாக்ஸும் எச்.டி.எம்.ஐ. கம்பியும் எச்.டி. அலைவரிசையும் சேர்ந்தாலன்றி அத்தெளிவு கிட்டாது. மக்காவின் நேரடி ஒளிபரப்பைத் தெளிவாகக் கண்டு, ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாத முதியோர் கண்கலங்கியதும் இத்திரையின் முன்புதான்.

இனி, நாம் தொடக்கத்தில் சொன்ன திருப்பத்திற்கு வருவோம். படத்தை எண்ணாக்கிச் சுருக்குவதற்கு நேரம் பிடிக்கிறது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளுக்குச் சென்று திரும்ப கால் நொடி ஆகிறது. பாக்ஸ் அதை விரித்துக் காட்டவும் நேரம் பிடிக்கிறது. எல்லாம் சேர்ந்து சில நொடிகளாகின்றன. கைப்பேசியில் இணையம் வழியாகப் பார்த்தால் அரை நிமிடமோ அதற்கும் மேலோ ஆகலாம். கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்து வீட்டின் ஆரவாரம் முதலில் கேட்டு, நம் திரையில் பந்து பிறகே எல்லைக்குச் செல்வது இதனால்தான்.

விளையாட்டில் இது வேடிக்கை. சஹரில் அப்படியன்று. திரையில் பாங்கு ஒலிக்கும்வரை உண்ணலாம் என்று அமர்ந்திருப்பவருக்கு, விடியல் நுழைந்த பின்னரே பாங்கு கேட்கிறது. நோன்பு திறப்பதில் சில நொடித் தாமதம் நோன்பைக் கெடுக்காது. சஹர் முடிப்பதில் அந்தத் தாமதம் நோன்பையே ஐயத்திற்கு உள்ளாக்கும்.

இதைவிடப் பெரிய பிழையும் ஒன்றுண்டு. சென்னை நேரப்படி ஒலிக்கும் மஃரிப் பாங்கு தமிழகம் முழுவதும் ஒரே கணத்தில் கேட்கிறது. ஆனால் சூரியன் ஒரே கணத்தில் மறைவதில்லை. சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் தீர்க்கரேகை வேறுபாட்டால் மட்டும் ஏறத்தாழ 11 நிமிட இடைவெளி உண்டு. கோடையில் அது சுருங்கும், மார்கழியில் விரியும். எந்த மாதமாயினும் நாகர்கோவிலில் சூரியன் பிந்தியே மறைகிறது. சென்னைப் பாங்கைக் கேட்டு அங்கே நோன்பு திறப்பவர், பகல் முழுதும் பசித்திருந்த நோன்பைச் சூரியன் மறையும் முன்பே முறித்துவிடுகிறார். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்தப் பிழையை அது காட்டிக்கொடுக்காது.

ஆகவே, திரையை அணைத்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. நேரத்திற்கு மட்டும் அதைச் சார்ந்திருக்க வேண்டாம் என்கிறோம். நம் ஊர் ஜமாஅத் அச்சிட்டுத் தரும் நேர அட்டவணை சமையலறைச் சுவரில் இருக்கட்டும். அதில் பேணுதலுக்காகச் சேர்க்கப்பட்டுள்ள நிமிடங்களை மதிப்போம். பரணில் கிடக்கும் பழைய பெட்டியின் குழாயில் ஈயம் கலந்த கண்ணாடி உள்ளது. அதை உடைத்துக் குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்போம். அதுவும் ஓர் அமானிதமே.

அன்று ஆண்டெனாவைத் திருப்பிய கைகள் இன்று ரிமோட்டைப் பிடித்திருக்கின்றன. விடியலும் அந்தியும் மட்டும் இடம் மாறவில்லை. நோன்பின் எல்லைகளாக அல்லாஹ் ஆக்கியிருப்பது அவ்விரண்டையுமே. இந்த ரமழானில் ஒரு நாளாவது பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று, சூரியன் மறைவதை அவர்களின் கண்களால் காணச் செய்வோமாக.