எஸ்பெராந்தோவில் எழுதப்பட்ட காற்று

போன வாரம் லண்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் ஹாட்லியோடு நிறுத்தியிருந்தோம். 1735ல் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய சிறிய கட்டுரையில் இரண்டு காற்றுகள் வருகின்றன. ஒன்று, கப்பல்காரர்கள் நன்கு அறிந்த வணிகக் காற்று. மற்றொன்றை அதுவரை யாரும் அளந்ததில்லை. நிலநடுக்கோட்டில் சூடேறி மேலே போன காற்று எங்கேயாவது திரும்பித்தானே ஆகவேண்டும்? அது உயரத்தில் துருவத்தை நோக்கிப் போகும், போகப்போகக் கிழக்குப் பக்கமாகத் திரும்பும் என்றார் ஹாட்லி.

காரணம் பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. வடக்கே 36 டிகிரியில் அதே தரையின் வேகம் 1,350தான். தெற்கிலிருந்து கிளம்பிய காற்று பழைய வேகத்தோடுதான் வந்து சேரும். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நாலு எட்டு முன்னால் ஓடுவது போல, அதுவும் தரையை முந்திக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. ஹாட்லியின் கணக்கில் ஒரு குறை இருந்தது. காற்று தன் பழைய வேகத்தோடு நிற்காது, பூமியின் அச்சை நெருங்க நெருங்க இன்னும் வேகமெடுக்கும். அமெரிக்கப் பள்ளி ஆசிரியரான வில்லியம் ஃபெரல் 1850களில் இதைத் திருத்தத் தொடங்கினார். ஆனால் இதெல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கு. பத்து கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்ப் பார்த்து வந்தவர் யார்?

பார்த்தவர் ஒரு ஜப்பானியர், அதுவும் தரையில் நின்றபடி. டோக்கியோவுக்கு வடகிழக்கே ததேனோ என்ற ஊரில் 1920ல் ஒரு மேல்வளி ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். அதன் இயக்குநர் வாசபுரோ ஓயிஷி. ஹைட்ரஜன் நிரப்பிய சிறு பலூனைப் பறக்கவிட வேண்டும். தியோடலைட் கருவியில் கண் வைத்து, அது எந்தக் கோணத்தில் விலகுகிறது என்று நேரக் கணக்கோடு குறிக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். 1923 மார்ச் முதல் 1925 பிப்ரவரி வரை 1,288 முறை இதைச் செய்தார்கள். மேகமில்லாத நாளாகப் பார்த்து, பலூன் ஒரு புள்ளியாகக் கரையும்வரை கண்ணை எடுக்காமல் இருக்கவேண்டிய வேலை அது.

குளிர்காலத்துக் கணக்கு ஓயிஷியையே திகைக்க வைத்திருக்க வேண்டும். 1924 டிசம்பரில் ஒரு நாள், ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்று மேற்கிலிருந்து விநாடிக்கு 70 மீட்டருக்கு மேல் பாய்ந்துகொண்டிருந்தது. மணிக்கு 250 கிலோமீட்டர்! கீழே ததேனோவில் அப்போது புயல் எதுவும் இல்லை. ஒரு பக்கம் சைபீரியாவின் உறைகுளிர், மறுபக்கம் வெதுவெதுப்பான பசிபிக். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாடுதான் அந்தக் காற்றைத் துரத்துகிறது. திபெத் பீடபூமியின் வடக்கிலும் தெற்கிலுமாகப் பிரிந்து வரும் காற்று ஜப்பானுக்கு மேலே மறுபடி ஒன்றுசேர்கிறது. அதனால்தான் உலகிலேயே மிக வலுவான மேல்வளி அங்கே அமைந்திருக்கிறது.

1926ல் ஓயிஷி தன் முடிவுகளை அறிக்கையாக வெளியிட்டார். எஸ்பெராந்தோ மொழியில்! எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, எல்லோரும் எளிதில் கற்கலாம் என்று 1887ல் உருவாக்கப்பட்ட மொழி அது. ஓயிஷிக்கு அதில் தீவிரப் பற்று. பிற்காலத்தில் ஜப்பான் எஸ்பெராந்தோ கழகத்துக்கே தலைவரானார். ஜப்பானிய மொழியில் எழுதினால் வெளியுலகம் படிக்காது என்பது அவருக்குத் தெரியும். எஸ்பெராந்தோவில் எழுதியும் படிக்கவில்லை.

படித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். இரண்டாம் உலகப் போரின்போது, அந்தக் காற்றில் குண்டு கட்டிய ஒரு பலூனை விட்டால் மூன்று நாளில் பசிபிக்கைத் தாண்டி அமெரிக்காவில் இறங்கும் என்று ஜப்பானிய ராணுவம் கணக்குப் போட்டது. வானிலையாளர் ஹிதெதோஷி அரகாவா பாதையைக் கணித்துக் கொடுத்தார். பத்து மீட்டர் விட்டமுள்ள பலூன்கள், கையால் செய்த காகிதத்தில், கொன்யாக்கு கிழங்குப் பசையால் ஒட்டியவை. ஒட்டியவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். இரவுக் குளிரில் பலூன் சுருங்கித் தாழும்போது, காற்றழுத்தமானி ஒரு மணல் மூட்டையைத் தானாகக் கழற்றிவிடும். பகல் வெயிலில் வாயு விரிந்தால் ஒரு வால்வு திறந்துகொள்ளும். மணல் மூட்டைகள் தீரும்போது குண்டு விழும். கொடுமையான நோக்கத்துக்காகச் செய்ததுதான், ஆனாலும் அந்த வேலைப்பாட்டின் நுணுக்கத்தை மறுக்க முடியாது.

1944 நவம்பர் 3 முதல் 1945 ஏப்ரல் வரை சுமார் 9,300 பலூன்கள் கிளம்பின. வட அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டவை 300 அளவில்தான். அமெரிக்கக் காடுகள் பற்றியெரிய வேண்டும் என்பது திட்டம். ஆனால் மேல்காற்று வலுவாக வீசுவது குளிர்காலத்தில், அப்போதோ அந்தக் காடுகள் பனியிலும் மழையிலும் நனைந்து கிடந்தன. எந்தக் காற்றை நம்பினார்களோ, அதன் பருவமே திட்டத்தைக் கவிழ்த்தது. பலூன் விழுந்த செய்தி எதையும் வெளியிட வேண்டாம் என்று அமெரிக்க அரசு பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது. பத்திரிகைகளும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கும் ஒரு விலை இருந்தது. 1945 மே 5 அன்று ஓரிகன் மாநிலத்தின் பிளை ஊர் அருகே உல்லாசப் பயணம் போன ஒரு கர்ப்பிணியும் ஐந்து சிறார்களும், இன்னதென்று தெரியாத ஒரு பொருளை நெருங்கி உயிரிழந்தார்கள்.

இதே காற்று எதிர்த்தரப்பையும் விட்டுவைக்கவில்லை. 1944 நவம்பர் 24 அன்று மரியானா தீவுகளிலிருந்து 111 பி-29 விமானங்கள் டோக்கியோவின் விமான எஞ்சின் தொழிற்சாலையைக் குறிவைத்துப் புறப்பட்டன. ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் பின்னாலிருந்து காற்று தள்ள, அவற்றின் தரைவேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டியது. குறிபார்க்கும் கருவி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இலக்கின் மீது குண்டு போட்டவை 24 விமானங்கள் மட்டுமே.

ஓயிஷி ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அமெரிக்கர்கள் முன்பே அறிந்திருப்பார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தாங்கள் கணித்துச் சொன்ன காற்று வேகத்தை மேலதிகாரிகள் நம்பவில்லை என்று, அமெரிக்க விமானப்படையில் வானிலையாளராக இருந்த ரீட் பிரைசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் சொல்லியே அந்த நிலை.

உயரத்திலிருந்து குறி தவறியது, 1945 மார்ச்சில் வியூகம் மாறியதற்கு ஒரு காரணம். மார்ச் 9 இரவு விமானங்கள் தாழப் பறந்து டோக்கியோவின் மர வீடுகள் மீது எரிகுண்டுகளைக் கொட்டின. ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். மேல்காற்றுதான் இதற்குக் காரணம் என்று எழுதினால் அது தளபதிகளின் முடிவை மூடிமறைப்பதாகும்.

போருக்குப் பிறகு சிகாகோவில் கார்ல்-குஸ்தாஃப் ராஸ்பியின் குழு இதை ஆராய்ந்து, 1947ல் 'ஜெட் காற்று' என்ற பெயரை நிலைக்கச் செய்தது. 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு இதே காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு பறந்தது. 18 மணி நேரப் பயணம் 11.5 மணி நேரமாகக் குறைந்தது. ஓயிஷி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

ஜப்பானுக்கு மேலே ஓடுவது மேற்கிலிருந்து கிழக்கே. நம் தென்னிந்தியாவுக்கு மேலே, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும், ஒரு ஜெட் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. ஹாட்லியின் கணக்குப்படி அது எதிர்த்திசை! 1958ல் அதை விளக்கிக் கட்டுரை எழுதியவர் பி.கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலையாளர். கோடையில் சூடேறும் திபெத் பீடபூமிக்கு அதில் என்ன பங்கு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)