ரூபாவின் இடம் முன்னோ, பின்னோ?

அனலைதீவிலே ஒருவர் பற்றுச்சீட்டு எழுதும்போது அவர் கையைக் கவனித்துப் பாருங்கள். முதலில் "ரூ." என்று எழுதுவார், அதனை ஒட்டித் தொகையைப் போடுவார், தொகையின் வாலிலே ஒரு சாய்கோடும் அதன் பக்கத்தே இரு சிறு கோடுகளும் இழுத்து விடுவார். ரூ. 500/= என்று நிற்கும். அதனையே வாயாற் சொல்லும்போது "ஐந்நூறு ரூபா" என்பார். சொல்லிலே பின் நிற்கும் ரூபா எழுத்திலே முன் வந்தது எங்ஙனம்? வாலிலே அக்கோடு எதற்கு? சிறிய வினாத்தான், ஆயினும் காசு கைமாறும் இடமெல்லாம் எழும் வினாவாதலின் சிறிது ஆராய்வோம்.

தமிழின் இயல்பு எண்ணை முன்னும் அளவைப் பின்னும் வைப்பது. இரண்டு படி நெல், மூன்று முழம் சீலை என்கிறோம். பழைய உறுதிகளிலும் கடிதங்களிலும் ஆண்டின் பெயரை அடுத்து ௵, மாதத்தின் பெயரை அடுத்து ௴, தேதியின் எண்ணை அடுத்து ௳ என்று குறிகள் பின்னேதான் வந்தன. சிங்களமோ இதற்கு மறுதலை; "ருபியல்" என்ற சொல்லை முன்வைத்து எண்ணைப் பின்வைக்கும். எமது நாட்டு நாணயத் தாளொன்றை எடுத்து இரு மொழிகளையும் வாசித்தால், ஒரே தாளில் இரு வரிசைகளையும் காணலாம்.

அப்படியாயின் தமிழெழுத்திலே ரூபாவை முன்னே தள்ளியவர் யார்? ஆங்கிலக் கணக்குமுறையே என்பது எமது துணிபு. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்து றிக்ஸ் டொலர்க் கணக்கு ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் நீடித்தது. 1825ஆம் ஆண்டில் பவுண், சிலிங், பென்ஸ் கணக்கு அரச கணக்காயிற்று. பவுணின் குறியாகிய £, இலத்தீன் மொழியில் "லீப்ரா" என்னும் நிறைப்பெயரின் முதலெழுத்து. அஃது எண்ணுக்கு முன்னே நின்றது. சிலிங்கின் குறியும் பென்சின் குறியுமோ எண்ணுக்குப் பின்னே நின்றன. ஒரே தொகைக்குள்ளே தலைவன் முன்னும் பரிவாரம் பின்னுமாக நடந்த விநோதம் அது! சுருக்கி எழுதும்போது ஐந்து சிலிங் ஆறு பென்சை 5/6 என்றும், பென்ஸ் இல்லாத ஐந்து சிலிங்கை 5/- என்றும் எழுதினர். கோட்டின்பின் வரும் சிறுகோடு "இதற்குமேற் சில்லறை இல்லை" என்பதன் அடையாளம்.

1872இல் ரூபாவும் சதமும் இலங்கையின் கணக்காயின. இந்தியா அணாவையும் பைசாவையும் விட்டுத் தசமக் கணக்குக்கு வந்தது 1957இல். இவ்விடயத்தில் நாம் எண்பத்தைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டோம். சிலிங் போயிற்று, அதன் சாய்கோடு மட்டும் போகவில்லை. ரூபாவுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டு இன்றுவரை எமது கடைகளிலே வாழ்கின்றது.

நிற்க. வழக்கத்தினால் மட்டும் அக்கோடு நிலைத்ததென்று எண்ணுதல் தவறு. அதன் பயனை அறிய, இலண்டன் மாநகரிலே 1915ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். மக்மிலன், ஆதர் என்னும் வர்த்தக நிறுவனத்தின் எழுதுவினைஞர் ஒருவர், சில்லறைச் செலவுக்கு இரண்டு பவுண் வேண்டுமென்று ஒரு காசோலையைப் பங்காளி ஒருவர்முன் வைத்தார். தொகையை எழுத்தால் எழுதவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. எண்ணிடத்திலே £ குறியும் 2 என்ற எண்ணும் இருந்தன. ஆனால் அந்த 2க்கு முன்னும் இடைவெளி, பின்னும் இடைவெளி. பங்காளி கையொப்பமிட்டுக் கொடுத்தார். எழுதுவினைஞர் 2க்கு முன்னே ஒரு 1, பின்னே ஒரு 0 போட்டார். இரண்டு நூற்றிருபதாயிற்று! வெறுமையான இடத்திலே "நூற்றிருபது பவுண்" என்று எழுத்தாலும் நிரப்பினார். வங்கி கொடுத்தது, அவர் மறைந்தார்.

நிறுவனம் வங்கிமேல் வழக்குத் தொடுத்தது. கீழ் மன்றங்கள் இரண்டும் நிறுவனத்தின் பக்கமே தீர்த்தன. 1918இல் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பைப் புரட்டியது: காசோலை எழுதுபவர், எவரும் எளிதில் மாற்ற இடங்கொடாதவாறு எழுதக் கடமைப்பட்டவர், அதிற் தவறிய வாடிக்கையாளரே நட்டத்தைத் தாங்கவேண்டும் என்றது. நூற்றுப்பதினெட்டுப் பவுணை இழக்கச் செய்தவை இரண்டு சிறிய வெற்றிடங்களே.

இப்போது எமது பற்றுச்சீட்டைத் திரும்பப் பாருங்கள். "500 ரூபா" என்று பேச்சுப்படி எழுதினால் பின்வாசல் அடைபடும். முன்வாசல் திறந்து கிடக்கும். ஒரு 2ஐ முன்னே வைத்தால் இரண்டாயிரத்தைந்நூறு. "ரூபா 500" என்று மட்டும் எழுதினால் முன்வாசல் அடைபடும். பின்னே ஒரு சுழியம் சேர்த்தால் ஐயாயிரம். ரூ. 500/= என்று நெருக்கி எழுதினாலோ இருபக்கமும் தாழ்ப்பாள். குறிக்கும் எண்ணுக்கும் நடுவே விரற்கடை விட்டு அழகு பார்ப்பவர்கள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பவர்கள்.

இன்னொரு காவல், தொகையை எழுத்தாலும் எழுதுதல். காசோலை முதலியவற்றில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தே செல்லும் என்பது 1882ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம். இலங்கையின் 1927ஆம் ஆண்டு 25ஆம் இலக்க உண்டியற் கட்டளைச் சட்டமும் அவ்வழியே சென்றது. "ரூபா ஐந்நூறு மாத்திரம்" என்று எழுதுகிறோமே, அந்த "மாத்திரம்" எழுத்துத் தொகைக்குரிய சாய்கோடு.

கணக்குப் புத்தகத்திலே இச்சிக்கல் இல்லை. கட்டத்தின் தலையிலே "ரூ." என்றும் "ச." என்றும் ஒருமுறை எழுதிவிட்டால், முன்னுமில்லை பின்னுமில்லை, குறி மேலே இருந்து ஆட்சி செய்யும்.

கடல் கடந்த எமது பிள்ளைகளுக்கு வேறு குழப்பம். கனடாவில் ஆங்கிலம் எழுதுவோர் $50 என்பர். அந்நாட்டிலேயே பிரெஞ்சு எழுதுவோர் 50 $ என்பர். யூரோவை ஜேர்மனியரும் பிரெஞ்சுக்காரரும் எண்ணுக்குப் பின்னே எழுத, எமது தீவுக்கு "றொட்டர்டாம்" என்று தம் ஊர்ப்பெயரைச் சூட்டிப்போன ஒல்லாந்தர் முன்னே எழுதுகின்றனர். இந்தியா 2010இல் ஏற்றுக்கொண்ட ₹ குறியும் முன்னேதான் நிற்கின்றது. அதனை வரைந்தவர் உதயகுமார் என்னும் தமிழர் என்பதை இளைஞர் அறிந்திருக்கவேண்டும். தமிழின் பழைய ரூபாக் குறியாகிய ௹, 2003இல் கணினிக்குரிய யூனிகோட் எழுத்துவரிசையில் இடம்பெற்றும் வழக்கிலே அருகிவிட்டது.

"ரூ." என்ற எழுத்து எமக்கு மட்டும் உரியதன்று, இந்தியர்க்கும் அதுவே. ஆதலால் பலநாட்டு அன்பர்களின் நன்கொடைகளை ஒரே பட்டியலில் எழுதும்போது "இலங்கை ரூபா 25,000/=", "கனடா டொலர் 100" என்று நாட்டின் பெயரையும் முன்வைத்தலே தக்கது. அச்சிலே இடஞ் சேமிக்க வாலின் கோட்டை விட்டுவிடுவாருமுண்டு. அச்செழுத்துக்கு நடுவே எவரும் பேனாவால் ஓர் எண்ணைச் செருகிவிட முடியாதாகையால் அதில் எமக்குக் குறையில்லை. கையால் எழுதும் சீட்டிலே விடுவதைத்தான் நாம் ஒப்போம்.